பெட்டிக்குள் பெயர்த்த கரை

ஒரு சிலந்திக்காகக் கடல் கடந்து வந்திருக்கிறேன் என்று சொன்னபோது, குடிநுழைவு அலுவலர் என் முகத்தையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பயணத்தின் நோக்கம் என்ன என்று மறுபடியும் கேட்டார். நண்பரைக் காண என்று திருத்திச் சொன்னேன். அதுவும் பொய்யன்று. முத்திரை விழுந்தது.

நான் மலேசியாவின் தைப்பிங் நகரில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நண்பன் கோதண்டம் திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் இருக்கிறான். இளமையில் சென்னைக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவன் விலங்கியல், நான் தமிழ். பின்னர் அவன் கல்லூரி ஆசிரியனானான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்புறம் ஒரு செம்மண் கரையில் வாழும் கதவுச் சிலந்திகளைத் தன் வேலை நாள்களுக்கு இடையிலும் ஓய்வுக்குப் பின்னும் விடாமல் பார்த்து வந்தான். சென்ற ஆண்டு அவனுடைய வலப்பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று. அதன்பின் கரையைப் பார்க்கவில்லை.

சிலந்தி என்றதும் நாம் வலையை எண்ணுகிறோம். இது வலை பின்னுவதில்லை. மண்ணைத் துளைத்து, ஒரு சாணுக்கும் குறைந்த ஆழத்தில் வளை அமைத்து, உட்சுவரைத் தன் நூலால் மெழுகி, வாயிலுக்குக் கீல் வைத்ததுபோல் திறந்து மூடும் கதவு ஒன்றைச் செய்துகொள்கிறது. கதவின் மேற்புறத்தில் மண்ணும் பாசியும் ஒட்டியிருப்பதால் அது கதவென்று யாருக்கும் தெரியாது. பெண் சிலந்தி அந்த வளையை விட்டு வெளியேறுவதே அரிது. பிறந்த இடத்துக்கு அருகிலேயே வளை தோண்டி, அதையே பெரிதாக்கிக்கொண்டு, அங்கேயே முதுமை எய்தி இறக்கிறது. வளர்ந்தபின் அதை வெளியே எடுத்துவிட்டால் புதிய வளை தோண்ட அதனால் பெரும்பாலும் முடிவதில்லை. ஆகவே அதை இடம் மாற்ற வேண்டுமானால் வீட்டோடுதான் மாற்ற வேண்டும்.

மாற்றவேண்டிய நாள் வந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் கோதண்டம் தொலைபேசியில் அழைத்தான். ஆலை ஒன்று தன் வளாகத்தை விரிக்கிறது. சனிக்கிழமை காலை கரையைச் சமன் செய்யப்போகிறார்கள். "என் பையன் அமெரிக்காவுல கீறான். படிச்ச பசங்க எங்கெங்கயோ போய்ட்டாங்க. நான் சொல்றத சொன்ன மாதிரி செய்றவன் நீ ஒருத்தன்தான்" என்றான். அந்த நம்பிக்கையின் எடையை அன்று நான் உணரவில்லை.

புதன்கிழமை முற்பகலில் அவன் வீட்டை அடைந்தேன். அவன் துணைவியார் இந்திராணி அம்மையார் கதவைத் திறந்து, "வாங்கண்ணா, காலைல இருந்து வாசலையே பாத்துக்கினு கெடக்குறாரு" என்றார். சன்னலோரக் கட்டிலில் பாதியாகச் சுருங்கிப் படுத்திருந்தான் கோதண்டம். சொற்கள் மெல்ல வந்தன. ஏளனம் மட்டும் பழைய விரைவோடு வந்தது.

"வாய்யா புலவரே. பிளேன்ல சோறு போட்டாங்களா?"

"வானூர்தியில் ஏதோ கொடுத்தார்கள்."

"இந்திராணி, கேட்டுக்கோ. இவரு வானூர்தில வந்துகீறாரு. நாமெல்லாம் பிளேன்லதான் போவணும்."

அம்மையார் இட்டலியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தார். கடலைப்பருப்பை அரைத்து வேகவைத்து உதிர்த்துச் செய்யும் அந்தக் கறியை நான் உண்டு பல்லாண்டுகள் ஆயின. தைப்பிங்கில் வாழையிலை உணவகங்கள் உண்டு. வடகறி கேட்டால் விழிப்பார்கள். நான்காம் முறை பரிமாற வந்தபோது மறுத்தேன். "நாஷ்டா துன்றதுக்கு வெக்கப்பட்டா எப்டிண்ணா" என்று நான்காவதையும் வைத்துவிட்டார்.

உண்டபின் கோதண்டம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இடக்கையால் வரைந்த படம், கோடுகள் நடுங்கின. மேலே அரைவட்டக் கதவு. அதன் கீழே நேராக இறங்கும் குழாய், பாதி ஆழத்தில் இடப்புறம் வளைந்து சென்றது.

"இந்தக் கரையில எல்லா வளையும் இப்படித்தான். பாதில வளையும். நேரா கீதுன்னு நெனச்சி எவனும் வெட்டக்கூடாது. படத்த சூசைகிட்ட காட்டு."

சூசை என்பவர் கரையருகே குடியிருக்கும் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி. கோதண்டத்தோடு ஆண்டுக்கணக்கில் தேநீர் அருந்தியவர். அவர்தான் பெயர்த்துத் தருவதாக ஏற்றிருந்தார். பொதட்டூர்பேட்டையில் இந்திராணி அம்மையாரின் தம்பிக்கு நெல்வயல் உண்டு. வயலுக்குப் பின்னே ஏர் படாத மலையடிவாரக் கரை. சிலந்தி போய்ச் சேரவேண்டிய இடம் அது. வழியில் ஒன்றிரண்டு நாள் மணவாள நகரில் இருக்க வேண்டும் என்றான் கோதண்டம். "நான் ஒரு தபா பாக்கணும்யா. அதுக்கப்புறம் அனுப்பிடலாம்." தாளை மடித்து என் குறிப்பேட்டுக்குள் வைத்தேன்.

வியாழக்கிழமை புறப்பட்டேன். மின்தொடர்வண்டி நகரத் தொடங்கிய நொடியில் கண்ணுக்கு எதிரே நின்ற பெட்டிக்குள் ஏறிவிட்டேன். ஏறியபின்தான் நாற்பது பெண்கள் என்னையே பார்ப்பதை உணர்ந்தேன்.

"தாத்தா, எழுதிகீதே, தெரியல? லேடீஸ்!"

"பொறுத்தருள்க. மகளிர் பெட்டி என்பதைக் கவனிக்கவில்லை."

"பொறுத்தருள்கவா? யம்மா, சாமியார் மாதிரி பேசறாரு. ஒக்காரு தாத்தா. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி மாறிக்கோ."

மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நகர்ந்து இடம் தந்தார். அடுத்த நிலையத்தில் நான் இறங்கியபோது பெட்டியே சேர்ந்து "பொறுத்தருள்க" என்று வழியனுப்பியது.

கும்மிடிப்பூண்டியில் வெயிலுக்கு இரும்பு மணம் இருந்தது. நீண்ட சரக்குந்துகள் எஃகுச் சுருள்களைச் சங்கிலியால் கட்டிச் சுமந்து வரிசையாக நின்றன. கடைப்பலகைகளில் தமிழைவிட இந்தி மிகுதி. பீகாரிலிருந்து வந்த ஒருவர் நடத்தும் சிறு கடையில் பூரியும் உருளைக்கிழங்கும் உண்டேன். ஆலைச் சீருடையில் அருகில் அமர்ந்திருந்த இளைஞர் இருவர் கைப்பேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தனர். மொழி புரியவில்லை, "சாப்பிட்டாயா" என்று யாரோ கேட்பதும் இவர்கள் ஆம் என்பதும் மட்டும் புரிந்தது. என் பாட்டனார் இரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியபோது கேட்டுச் சொல்லக் கைப்பேசி இருந்ததில்லை.

சூசையைத் தேநீர்க் கடையில் கண்டேன். ஐம்பது அகவை இருக்கும். முன்கைகளில் சிறு சிறு தீத்தழும்புகள்.

"பூச்சி சாரோட பிரண்டா? வாங்க சார். அவரு நல்லா கீறாரா? கை வருதா?"

"இடக்கை நன்றாக இயங்குகிறது."

"இன்னா சார் இப்டி ஆயிட்ச்சி. மனுசன் மழைலயும் கொடைய அந்தப் பூச்சிக்குப் புடிச்சிக்கினு நிப்பாரு."

கரை, ஆலை மதிலுக்கும் வறண்ட கால்வாய்க்கும் நடுவே இருந்தது. ஆள் உயரம், இருநூறு அடி நீளம் இருக்கலாம். மேலே வேலிகாத்தான் முட்செடி. நிழற்பக்கத்தில் மெல்லிய பாசி. மறுமுனையில் மண்வெட்டும் பொறி ஒன்று மஞ்சள் நிறத்தில் ஏற்கெனவே வந்து நின்றது. "இந்த மேட்டுக்கு அந்தாண்ட எல்லாம் கழனி சார். எங்கம்மா இங்கதான் நாத்து நட்டுச்சி. இப்ப அதே எடத்துல நான் இரும்பு ஊத்திக்கினு கீறேன்" என்றார் சூசை. வருத்தமாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோலச் சொன்னார்.

கதவுகளைத் தேடினோம். தைப்பிங் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் கதவுச் சிலந்திகள் வாயிலிலிருந்து நூல்களை நாற்புறமும் இழுத்து வைத்திருக்கும்; அவற்றைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். இங்கே அத்தகைய அடையாளம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மணி நேரத்தில் கண்டவை எல்லாம் பாழ்வீடுகள். கதவுகள் கீலோடு தொங்கின. உள்ளே தூசும் எறும்பும். சுண்ணத்தூசும் ஆலைக் கழிவுநீரும் கரையின் பெரும்பகுதியை முன்பே வெறுமையாக்கிவிட்டன போலும். கோதண்டத்திடம் என்ன சொல்வது என்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.

"சார், அசையாதீங்க. உங்க காலுக்குக் கிட்ட" என்றார் சூசை.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து, தொடாமல், விரலால் காற்றில் ஒரு வளைவு வரைந்தார். "இங்க ஜாயிண்ட் தெரியுது பாருங்க. மோல்டுல மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சேர்ற எடத்துல ஒரு கோடு வரும். முப்பது வருசமா அந்தக் கோட்டத்தானே பாத்துக்கினு கீறேன்."

முடியளவு மெல்லிய அரைவட்டம். ஒரு புல்லின் நுனியால் மெல்ல நெம்பினேன். கதவு சற்றே எழுந்து, உடனே உள்ளிருந்து இழுபட்டு இறுக மூடிக்கொண்டது. அந்தச் சிறிய இழுப்பு புல்லின் வழியாக என் விரலில் தெரிந்தது. பொழுது சாயும்வரை தேடியும் உயிருள்ள கதவு வேறு கிடைக்கவில்லை. கோதண்டத்தை அழைத்துச் சொன்னேன். கரையின் மறுமுனைவரை தேடினோமா என்று கேட்டான். பின் "ஒண்ணு கீதுல்ல. போதும்" என்றான்.

கரையை வெட்டும் ஒப்பந்தக்காரரையும் கண்டு கூடுதல் நாள் கேட்டோம். நல்லவர்தான். "ஃப்ரைடே சாயந்தரம் வரைக்கும் டைம் நைனா. அதுக்கு மேல எங்கையில இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சூசை அரைநாள் விடுப்பு எடுத்து, ஆலையிலிருந்து இரவல் வாங்கிய கருவிகளோடு வந்தார். அடியும் மேலும் இல்லாத மரப்பெட்டிச் சட்டம், மண்ணை இடித்து இறுக்கும் கட்டை, கரண்டி, ஒரு தகடு, பிடி வைத்த மெல்லிய கம்பி. கரை மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார். விரல்களின் பதிவோடு கட்டியாக நின்ற மண்ணை இரண்டாக ஒடித்துப் பார்த்தார். "பதம் நல்லா கீது. உதிராது" என்றார். வார்ப்பு மணலையும் அப்படித்தான் சோதிப்பார்களாம்.

அவர் வேலை செய்ததை நான் மறவேன். கதவைச் சுற்றி நான்கு புறமும் மண்ணைச் செதுக்கி, கரையின் ஒரு துண்டைத் தூண்போல் தனித்து நிறுத்தினார். அதன்மேல் பெட்டியை இறக்கினார். இடைவெளியில் பொடிமண்ணை இட்டு, கட்டையால் இடித்தார். ஓங்கி அன்று, உறங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல். "வேகமா குத்தினா உள்ள கீறவ பயந்துருவா."

நானோ பல ஆண்டுகளாகத் தொழில்களின் சொற்களைத் தொகுத்து வருபவன். வார்ப்புத் தொழிலின் சொற்கள் என்னிடம் குறைவு. குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இந்தக் கட்டைக்கு என்ன பெயர்?"

"ரேமரு சார்."

"தமிழில்?"

"நாங்க ரேமருன்னுதான் சொல்லுவோம். இடிகட்டைன்னு வெச்சிக்கோங்களேன்."

இடிகட்டை. எழுதிக்கொண்டேன். அழகான சொல். சூசை பிடி வைத்த கம்பியை எடுத்து, கதவிலிருந்து இரண்டு விரல் தள்ளி மண்ணில் இறக்கினார், எடுத்தார், சற்றுத் தள்ளி மீண்டும் இறக்கினார்.

"அந்தக் கம்பிக்கு?"

"வென்ட் கம்பி. மோல்டுல காத்து போறதுக்கு ஓட்டை போடுவோம். இல்லாட்டி இரும்பு ஊத்தும்போது வெட்ச்சிரும். இவளுக்கும் மூச்சு வேணும்ல? பயப்படாதீங்க, மண்ணுக்குள்ள கீற பேட்டர்ன் அச்சு மேல படாம அடிக்கிறதுதான் எங்க வேலையே. கதவுக்கு நேர் கீழ தொடவே மாட்டேன்."

வளிக்கம்பி என்று எழுதி, பக்கத்தில் வினாக்குறி இட்டேன். காற்றூசி நன்றாக இருக்குமோ என்று அதையும் எழுதினேன். நான் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் கோதண்டத்தின் படம் மடித்தபடி இருந்தது.

கதவுக்கு இடப்புறம் மூன்று துளைகள், வலப்புறம் மூன்று. பிறகு தகட்டை அடியில் செலுத்தி அறுத்து, நானும் அவரும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். ஒரு கல்லும் உதிரவில்லை. பெட்டிக்குள் கரையின் ஒரு துண்டு, பாசியோடும் ஒரு சிறு பூண்டோடும் அப்படியே இருந்தது. கண்கள் கலங்கின. "உங்கள் கைக்கு ஈடில்லை" என்றேன். அவர் வெட்கப்பட்டுப் பெட்டியைத் துடைத்தார். பிற்பகல் முறை வேலைக்குப் போகவேண்டும் என்று, பெட்டியைச் சிறு சரக்குந்து ஒன்றில் ஏற்றி என்னை அனுப்பிவைத்தார்.

ஓட்டுநர் அருகில் பெட்டியை மடிமேல் தாங்கி அமர்ந்தேன்.

"இன்னா சார் அது, இந்த கனம் கனக்குது?"

"ஒரு வீடு."

"யாரு ஊடு?"

"சிலந்தியின் வீடு."

அவர் சாலையை மறந்து என்னைப் பார்த்தார். "எங்க ஊட்டுக்கு வாங்க சார். மூலைக்கு மூலை கீது. சும்மாவே தரேன், வண்டிச் சத்தம்கூட வாணாம்."

ஊத்துக்கோட்டை அருகில் சக்கரம் காற்றிழந்தது. மாற்றுச் சக்கரமும் காற்றின்றி இருந்தது. ஒரு மணி நேரம் புளியமர நிழலில் பெட்டியோடு அமர்ந்திருந்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். கரும்புச்சாறு விற்றவர் என்மேல் இரக்கம்கொண்டு தம் ஈரச் சாக்கைப் பெட்டிமேல் போர்த்தினார். உள்ளே என்ன என்று அவர் கேட்கவேயில்லை.

மணவாள நகரில் பெட்டியைக் கோதண்டத்தின் கட்டிலருகே முக்காலிமேல் வைத்தோம். அம்மையார் அவனைச் சாய்த்து அமர்த்தினார். இடக்கையால் பாசியைத் தொட்டான். முகம் மலர்ந்தது. "சூசை கையிது. ஒரு கீறல் இல்ல பாரேன்." பிறகு அவன் விரல் நின்றது.

"இது இன்னா, ஓட்டை ஓட்டையா?"

சொன்னேன். சொல்லும்போதே என் குரல் தாழ்ந்துவிட்டது.

இடப்புறத்துத் துளைகளின்மேல் விரலை வைத்தபடியே கேட்டான்: "படத்த காட்டினியா?"

குறிப்பேட்டைத் திறந்து, மடித்தபடியே இருந்த தாளை எடுத்தேன். அவன் மறுமுறை கேட்கவில்லை. சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இரவு உணவை அம்மையார் எங்கள் இருவருக்கும் எடுத்துவைத்துவிட்டு, எடுத்துவைத்தபடியே திரும்பக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை விடியலில் அவன் என்னைக் கூவி எழுப்பினான். "புலவரே! வெளிச்சம் கொண்டா. லென்சு எங்க?" ஓடினேன். இடப்புறத்து நடுத் துளைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உருப்பெருக்கியில் பார்த்தேன். நூல். புதிய நூல், ஒன்றின்மேல் ஒன்றாக, துளையின் வாயை உள்ளிருந்து அடைத்திருந்தது.

"ஊட்டை அடைக்கிறாய்யா! உசுரோட கீறா!"

ஓர் ஆண்டாக அசையாத அவன் வலக்கைகூட அசைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. அம்மையார் அன்று பருப்புப் பாயசம் வைத்தார். பொதட்டூர்பேட்டைத் தம்பி அழைத்து, குழி அணியமாக இருப்பதாகவும், பெட்டியின் அளவுக்கு இரண்டு விரல் கூட்டி வெட்டியிருப்பதாகவும் சொன்னார். திங்கள் காலை வருகிறோம் என்றான் கோதண்டம்.

பத்து மணி அளவில் சூசை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டோம். பின்னணியில் பொறியின் இரைச்சல் கேட்டது.

"சார், வெட்டிக்கினு கீறாங்க. பாதி கரை பூட்ச்சி."

"உன் ஆளு இங்க பத்திரமா கீறாப்பா. நூலு கட்டிக்கினு கீறா" என்றான் கோதண்டம்.

"நெசமாவா சார்? நாளைக்குக் கோயில் முட்ச்சிக்கினு வரேன். நான் பாக்கணும்."

அன்று மாலை நாங்கள் இருவரும் கல்லூரி நாள்களைப் பேசினோம். படத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிக்கப்பட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பல் துலக்கிவிட்டு வந்தவன், முக்காலியின் காலில் எறும்புகள் ஏறுவதைக் கண்டேன். சிற்றெறும்புகள், ஒற்றை வரிசை, நூலால் அடைத்த துளையைத் தாண்டிக் கதவின் இடுக்கில் இறங்கின. விரலால் வரிசையைத் தடுத்தேன். என் விரலைச் சுற்றிக்கொண்டு சென்றன. கோதண்டம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "தடுக்காத" என்றான். "தொற."

புல்நுனியால் கதவை நெம்பினேன். எந்த இழுப்பும் இல்லை. கதவு எளிதில் திறந்து, கீலில் சாய்ந்து நின்றது. அவன் சொல்லச் சொல்ல, அடுப்பங்கரைக் கத்தியால் மண்கட்டியை நெடுக்கில் பிளந்தேன். வளை படத்தில் உள்ளபடியே பாதியில் இடப்புறம் வளைந்தது. கம்பி அந்த வளைவை ஒருமுறை ஊடுருவியிருந்தது. சிலந்தி நூலடைப்புக்குக் கீழே, கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு கிடந்தது. வயிற்றின் ஓரத்தில் ஒரு கிழிசல். அடைப்பு முழுமையாக முடிந்திருந்தது. அதன் ஓரங்கள்கூட மெழுகப்பட்டிருந்தன.

கோதண்டம் தன் குறிப்பேட்டை எடுக்கச் சொன்னான். அவன் சொல்ல நான் எழுதினேன். வெள்ளி முற்பகல் காயம். சனி விடியலுக்குள் துளை அடைக்கப்பட்டது. ஞாயிறு காலை இறந்து காணப்பட்டது. "அவ்வளவுதான். மூடு" என்றான். அந்தக் குறிப்பேட்டில் அதற்குப் பின்னும் பல வெற்றுத் தாள்கள் இருந்தன.

சூசையைத் தொலைபேசியில் அழைத்து, வரவேண்டாமெனச் சொல்லிவிடலாமா என்று அம்மையார் கேட்டார். அதற்குள் சூசை வாயிலில் நின்றார். சலவை செய்த வெள்ளைச் சட்டை. கையில் கொய்யாப்பழப் பை. "தோத்திரம் சார். எங்க நம்ம பொண்ணு?" என்று சிரித்தபடி உள்ளே வந்தவர், பிளந்து கிடந்த மண்கட்டியைக் கண்டு நின்றார்.

"இன்னா சார் ஆச்சி?"

நான் வாய் திறக்குமுன் கோதண்டம் சொன்னான்: "வயசுப்பா. ரொம்ப வயசானது அது. தூக்கினதுல அதிர்ச்சி தாங்கல. கம்பி கிம்பி எதுவும் படல."

நாற்பது ஆண்டுகளாக அவன் கடிதங்களைப் படித்தவன் நான். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுபவன். உண்மையைப் பதிந்த குறிப்பேடு அவன் தொடைமேல் மூடிக் கிடந்தது.

சூசை முக்காலிமுன் குந்தி அமர்ந்தார். மண்கட்டியின் பிளந்த பக்கத்தை வார்ப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வளை வளைகிற இடத்தில் அவர் பார்வை நின்றது. துளையின் கோட்டைக் கண்ணாலேயே மேலிருந்து கீழே தொடர்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சூசை, வளை வளையும் என்று படம் இருந்தது. என்னிடம்தான் இருந்தது. நான் காட்டவில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சினமில்லை. "நீங்க பேரு எழுதிக்கினு இருந்தீங்க சார்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். சூசை அதைக் குடித்து முடித்தார். கொய்யாப்பழங்களை மேசைமேல் எடுத்து அடுக்கினார். மரப்பெட்டி ஆலையுடையது, திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி, உள்ளிருந்த மண்ணைக் கையாலேயே அள்ளி அம்மையார் தந்த மூங்கில் தட்டில் வைத்தார். கதவிருந்த கட்டியை மட்டும் உடைக்காமல் தனியே எடுத்து வைத்தார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயில்வரை போனவர் திரும்பினார்.

"அட்த்த தபா வென்ட் அடிக்க மாட்டேன் சார்."

கரை இருந்த இடத்தை நேற்று மாலைக்குள் சமன் செய்து உருளையும் ஓட்டிவிட்டார்கள் என்பதை, வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்தான் அம்மையாரிடம் சொல்லியிருந்தார்.

"சரிப்பா" என்றான் கோதண்டம். "அட்த்த தபா."